ஓடும் கெர்னலுக்கு லைவ் பேட்ச்: இன்டரப்ட், ப்ரீஎம்ப்ஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்பவர்கள், லைவ் பேட்ச் (ரீபூட் செய்யாமலேயே, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், திருத்தம் போடுவது) பேச்சு வந்தாலே திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். மூன்று ஷிப்ட் ஓடும் நூல் மில்லிலும் ராத்திரி ஷிப்மென்ட்டுக்கு பில் போடும் பனியன் கம்பெனியிலும் "ரீபூட் பண்ணிக்கட்டுங்களா" என்று கேட்கவே தயங்க வேண்டியிருக்கிறது. அதனால் இந்த வசதிமேல் ஆசையும் உண்டு, பயமும் உண்டு. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே உள்ளன. பதில்கள் 64 பிட் இன்டெல், ஏஎம்டி பிராசசரில் ஓடும் லினக்ஸ் கெர்னலுக்கானவை. வேறு பிராசசர்களில் நுணுக்கங்கள் மாறும்.

1. ஏனுங்க, லைவ் பேட்ச்னா பழைய ஃபங்ஷன் மேலயே புது கோடை எழுதிர்றதுங்களா?

இல்லை. பழைய ஃபங்ஷன் இருந்த இடத்திலேயே இருக்கும். கெர்னலை கம்பைல் செய்யும்போதே ஏறக்குறைய எல்லா ஃபங்ஷனின் வாசலிலும் 5 பைட் நீளத்தில் ஓர் அழைப்புக்கு இடம் விடுகிறார்கள். பூட் ஆகும்போது அந்த 5 பைட் ஒன்றும் செய்யாத கட்டளையாக மாறிவிடும். எஃப்ட்ரேஸ் என்ற கண்காணிப்பு வசதிக்காக விட்ட இடம் அது. லைவ் பேட்ச்சும் அதையே பயன்படுத்திக்கொள்கிறது.

புது ஃபங்ஷன் ஒரு கெர்னல் மாட்யூலாக மெமரியில் ஏறும். பிறகு பழைய ஃபங்ஷன் வாசலில் உள்ள 5 பைட், எஃப்ட்ரேஸை அழைக்கும் கட்டளையாகும். அந்த அழைப்பு லைவ் பேட்ச் ஹேண்ட்லரிடம் போக, அது அடுத்து ஓட வேண்டிய முகவரியைப் புது ஃபங்ஷனின் முகவரியாக மாற்றிவிடும். ஆக, திருப்பிவிடுவது வாசலில் மட்டும்தான். ஏற்கனவே உள்ளே போய்விட்டவரை யாரும் தொடுவதில்லை. கீழே வரும் சிக்கல்கள் அத்தனைக்கும் வேர் இதுதான்.

2. பேட்ச் போடறப்ப பழசுக்குள்ள நின்னுட்டு இருக்கற டாஸ்க் என்னாகும்?

டாஸ்க் என்றால் ஓடும் ஒரு பிராசஸ் அல்லது த்ரெட். அது பழைய கோடையே ஓட்டி முடித்துவிட்டு வெளியே வரும். எனவே சிறிது நேரத்துக்குப் பழையதும் புதியதும் ஒரே கெர்னலில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். ஒரே ஒரு ஃபங்ஷனில் ஒரு சரிபார்ப்பைக் கூடுதலாகச் சேர்க்கிற பேட்ச் என்றால் இதில் ஆபத்தில்லை. ஆனால் இரண்டு ஃபங்ஷன்கள் சேர்ந்து மாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: முன்பு நீளத்தை பைட்டில் கொடுத்த ஃபங்ஷன் இப்போது பக்க எண்ணிக்கையில் கொடுக்கிறது, வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷனும் அதற்கேற்ப மாறுகிறது. புதியது கொடுத்ததைப் பழையது வாங்கினால் மெமரி கெட்டுப்போகும்.

இதற்காகத்தான் ஒவ்வொரு டாஸ்க்கும் முழுக்கப் பழையதைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் முழுக்கப் புதியதைப் பார்க்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். மில்லில் புது விதிமுறை வந்தால், உள்ளே வேலையில் இருப்பவர் அந்த ஷிப்ட்டைப் பழைய விதிப்படியே முடித்துவிட்டு, அடுத்த முறை கேட்டில் நுழையும்போது புது விதிக்கு மாறுவது போலத்தான் இது. 2015இல் வந்த 4.0 கெர்னலில் லைவ் பேட்ச் சேர்ந்தபோது இந்த ஏற்பாடு இல்லை. ரெட் ஹேட்டின் கேபேட்ச், சூசேயின் கேகிராஃப்ட் இரண்டின் வழிகளையும் கலந்து 2017இல் 4.12 கெர்னலில் வந்தது.

3. அப்ப ஒரு டாஸ்க் எந்த நேரத்துல புதுசுக்கு மாறும்?

மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, தூங்கிக்கொண்டிருக்கும் டாஸ்க்கின் ஸ்டாக்கை (எந்தெந்த ஃபங்ஷனுக்குள் நிற்கிறது என்ற பதிவை) பார்ப்பது. பேட்ச் ஆகப்போகும் ஃபங்ஷன் எதுவும் அதில் இல்லையென்றால் அந்த நிமிடமே மாற்றிவிடலாம். ஒரு சாதாரண சர்வரில் பெரும்பாலான டாஸ்க்குகள் எந்நேரமும் தூக்கத்தில்தான் இருக்கும் என்பதால் கூட்டத்தில் பெரும்பகுதி முதல் சுற்றிலேயே மாறிவிடும்.

இரண்டாவது, டாஸ்க் கெர்னலை விட்டு யூசர் பக்கம் திரும்பும் வாசல். சிஸ்டம் கால் முடிந்து திரும்பினாலும் சரி, யூசர் கோடில் ஓடும்போது இன்டரப்ட் (சிபியூவை இடைமறிக்கும் அழைப்பு) வந்துவிட்டுத் திரும்பினாலும் சரி, 'பேட்ச் பாக்கி' என்ற கொடி அங்கே பார்க்கப்பட்டு டாஸ்க் மாற்றப்படும். அந்த இடத்தில் கெர்னல் ஸ்டாக் காலி என்பதால் ஸ்டாக்கைப் பார்க்கவே தேவையில்லை. மூன்றாவது, ஒவ்வொரு சிபியூவுக்கும் இருக்கும் ஐடில் டாஸ்க். அது யூசர் பக்கமே போகாது என்பதால், ஐடில் சுற்றுக்குள்ளேயே மாறும் இடம் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

4. அந்த 5 பைட்டை எழுதீட்டு இருக்கறப்ப வேற கோர் அதே இடத்துக்கு வந்துட்டா, பாதி பழசு பாதி புதுசுன்னு படிச்சுராதுங்களா?

அப்படி நேராமல் இருக்க எழுதுவதையே மூன்று படியாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் முதல் பைட்டில் மட்டும் பிரேக்பாயின்ட் கட்டளை வைக்கப்படும். பிறகு எல்லா கோருக்கும் இன்டரப்ட் அனுப்பி, பழைய கட்டளையை முன்கூட்டியே படித்து வைத்திருந்தால் உதறிவிடச் செய்வார்கள். அடுத்து மீதி 4 பைட்டை எழுதி, மறுபடியும் அதே இன்டரப்ட். கடைசியாக முதல் பைட்டில் சரியான மதிப்பு, அதன் பின் இன்னொரு சுற்று இன்டரப்ட். நடுவே ஏதாவது கோர் அந்த வாசலுக்கு வந்தால் பிரேக்பாயின்ட்டில் மாட்டும். மாட்டியதும் அதற்கான ஹேண்ட்லர், அங்கே இருக்க வேண்டிய கட்டளையைத் தானே செய்துவிட்டு அனுப்பிவிடும். யாரும் காத்து நிற்பதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, எல்லா கோரும் பதில் சொல்லும்வரை எழுதுபவர் காத்திருப்பார் என்பது. ஒரு கோர் இன்டரப்ட்டை அணைத்துவிட்டு நீண்ட நேரம் ஓடினால், மொத்த வேலையும் அதுவரை நிற்கும். மோசமான டிரைவர் ஒன்று இன்டரப்ட்டை மில்லிசெகண்டுக் கணக்கில் அணைத்து வைப்பது பேட்ச் போடும் நேரத்தில்தான் பலருக்கு முதன்முதலில் தெரியவரும்.

5. இத்தனை லொள்ளு எதுக்குங்க? எல்லா சிபியூவையும் ஒட்டுக்கா நிறுத்திப்போட்டு மாத்துனா ஆகாதா?

அப்படியும் செய்திருக்கிறார்கள். கேஸ்ப்ளைஸ், ஆரம்பகால கேபேட்ச் இரண்டும் அந்த வழிதான். எல்லா கோரிலும் மிக உயர்ந்த முன்னுரிமை கொண்ட ஒரு த்ரெட் ஏறி, இன்டரப்ட்டை அணைத்து, ஒரு கோர் மட்டும் வேலை பார்க்க மற்றவை வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆனால் சிபியூவை நிறுத்தினால் டாஸ்க் ஃபங்ஷனை விட்டு வெளியே வந்துவிடாது. பழைய ஃபங்ஷனின் நடுவில் தூங்குபவை அங்கேயே தூங்கும். ப்ரீஎம்ப்ட் ஆனவை (பாதியில் சிபியூ பிடுங்கப்பட்டவை) அங்கேயே தொங்கும். ஆகவே நிறுத்திவைத்த நிலையிலேயே எல்லா டாஸ்க்கின் ஸ்டாக்கையும் பார்த்தாக வேண்டும். ஒன்று மாட்டினாலும் மொத்தத்தையும் கைவிட்டு, பிறகு மறுபடி முயல வேண்டும். ஆயிரக்கணக்கில் த்ரெட் உள்ள சர்வரில் இதற்கு ஆகும் நேரம் முழுக்க மெஷின் உறைந்து நிற்கும். மறைக்க முடியாத இன்டரப்ட்டான என்எம்ஐ அப்போதும் வரும் என்பது தனி. இப்போதைய முறையில் யாரும் உறைவதில்லை. பதிலுக்கு, முடிய எவ்வளவு நேரமாகும் என்று உறுதி சொல்ல முடியாது.

6. இன்டரப்ட் ஹேண்ட்லர் எந்த டாஸ்க்குக்கும் சொந்தமில்லையே, அதுக்கு பழசா புதுசா?

அது எந்த டாஸ்க்கை இடைமறித்ததோ, அந்த டாஸ்க்கின் நிலைதான் அதற்கும். வாசலில் நிற்கும் லைவ் பேட்ச் ஹேண்ட்லர், அந்த கோரில் அந்த நேரத்தில் 'நடப்பு டாஸ்க்' எதுவோ அதன் நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. இன்டரப்ட்டுக்கென்று தனி நிலை கிடையாது. ஃபோர்க்கில் பிறக்கும் குழந்தை டாஸ்க்கும் இப்படியே பெற்றவரின் நிலையோடு பிறக்கிறது.

இது ஏதோ வசதிக்காக வைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஓர் உதாரணம்: ஒரு டிரைவரில் சாதாரண ஃபங்ஷன் ஒன்று, இன்டரப்ட்டை அணைக்காமலேயே ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சிபியூவில் சுற்றிக்கொண்டே காத்திருக்க வைக்கும் பூட்டு) எடுக்கிறது. அதே டிரைவரின் இன்டரப்ட் ஹேண்ட்லர் லாக் எடுக்காமல் அதே பட்டியலைத் தொடுகிறது, பிழை அங்கேதான். திருத்தம் இரண்டு இடத்திலும் நடக்கும். சாதாரண ஃபங்ஷன் இன்டரப்ட்டை அணைத்துவிட்டு லாக் எடுக்கும். ஹேண்ட்லரும் லாக் எடுக்கும். இப்போது பழைய நிலையில் உள்ள டாஸ்க் ஒன்று, இன்டரப்ட் திறந்திருக்க, லாக்கைப் பிடித்திருக்கிறது. அதே கோரில் இன்டரப்ட் வருகிறது. ஹேண்ட்லர் மட்டும் புதியதாக இருந்தால் லாக்குக்காகச் சுற்றும். லாக்கைப் பிடித்தவரோ ஹேண்ட்லர் முடிந்தால்தான் ஓட முடியும். அந்த கோர் அத்தோடு செத்தது.

நிலையை இரவல் வாங்கும் விதி இருப்பதால் இது நடக்காது. டாஸ்க் பழையது என்றால் அதன்மேல் வரும் ஹேண்ட்லரும் பழையது. லாக் கேட்காமல் போய்விடும். பழைய பிழை இன்னும் சில நொடி நீடிக்கும், அவ்வளவுதான். இன்னொரு கோரில் புது ஹேண்ட்லர் அதே லாக்குக்குக் காத்திருந்தாலும் இந்தக் கோரில் உள்ள டாஸ்க் லாக்கை விட்டதும் அது நகர்ந்துவிடும்.

7. அப்ப ஒரே ஹேண்ட்லர் ஒரு கோர்ல பழசாவும் இன்னொரு கோர்ல புதுசாவும் ஓடுமுங்களா?

ஓடும். டிரான்சிஷன், அதாவது எல்லா டாஸ்க்கும் மாறி முடிக்கும் இடைக்காலம், முடியும்வரை அதுதான் நிலவரம். ஒரு டாஸ்க்குக்குள் கலப்பு வராது என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். டாஸ்க்குகளுக்குப் பொதுவான டேட்டாவுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பேட்ச் எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

லாக் எடுக்கும் வரிசையை மாற்றும் பேட்ச்சைப் பாருங்கள். பழைய கோட் முதலில் 'அ' லாக், பிறகு 'ஆ' லாக் எடுக்கிறது. புது கோட் தலைகீழாக எடுக்கிறது. தனித்தனியே இரண்டும் சரி. ஒரே நேரத்தில் இரண்டு கோரில் ஓடினால் ஒருவர் கையில் ஒன்று, மற்றவர் கையில் இன்னொன்று என்று டெட்லாக். இந்த வகைத் திருத்தத்தை லைவ் பேட்ச்சாகப் போடாமல் ரீபூட்டுக்கு விடுவதே நல்லது.

டேட்டாவின் அர்த்தம் மாறுகிற திருத்தம் என்றால் வழி உண்டு. ஸ்ட்ரக்சரில் புது உறுப்பு வேண்டுமானால் அதன் அளவை மாற்றாமல் ஷேடோ வேரியபிளாகத் தனியே ஒட்டிக்கொள்ளலாம். புது கோட் முதலில் பழைய முறையிலேயே நடந்துகொண்டு, டிரான்சிஷன் முழுதாக முடிந்தபின் அழைக்கப்படும் கால்பேக்கில் ஒரு கொடியை ஏற்றி, அதன் பிறகே புது முறைக்குப் போகும்படியும் எழுதலாம். கழற்றும்போது இதே கொடியை முதலில் இறக்க வேண்டும்.

8. சாஃப்ட் ஐஆர்க்யூ, டைமர், வொர்க்க்யூ இதெல்லாமும் அதே கணக்குங்களா?

பாதி மட்டும். இன்டரப்ட்டின் வாலில் ஓடும் சாஃப்ட் ஐஆர்க்யூவும் அதில் ஓடும் டைமரும் இடைமறிக்கப்பட்ட டாஸ்க்கின் நிலையை எடுத்துக்கொள்ளும். வேலை அதிகமாகி அது கேசாஃப்ட்ஐஆர்க்யூடி த்ரெட்டுக்குப் போனால் அந்த த்ரெட்டின் நிலை. வொர்க்க்யூவில் போட்ட வேலையை ஓட்டுவது கேவொர்க்கர் த்ரெட். அதற்கும் சொந்த நிலை.

ஆகவே புது நிலையில் உள்ள டாஸ்க் கிளப்பிவிட்ட டைமர், பழைய நிலையில் உள்ள வேறொரு டாஸ்க்கின் மேல் ஏறி, பழைய ஃபங்ஷனாக ஓடலாம். ஒத்திவைத்த வேலைக்கு நிலை கூடவே போகாது என்று வைத்துக்கொண்டு பேட்ச்சை எழுதுங்கள். பேட்ச் மாட்யூலுக்குள் இருக்கும் ஃபங்ஷனின் முகவரியை டைமரில் பதிந்தால் இன்னொரு தலைவலி: பேட்ச்சைக் கழற்றி மாட்யூலை இறக்கியபின் டைமர் அடித்தால் அங்கே கோடே இருக்காது. அசல் ஃபங்ஷனின் முகவரியைக் கொடுத்தால் வாசலில் தானே திருப்பிவிடப்படும்.

9. டாஸ்க் பழைய ஃபங்ஷன் நடுவுல இருக்கறப்ப ப்ரீஎம்ப்ட் ஆகிருச்சுன்னா?

ஸ்டாக்கில் அந்த ஃபங்ஷன் தெரியும்; மாற்ற மறுத்துவிடுவார்கள். ஏறக்குறைய 1 செகண்டுக்கு ஒரு முறை மீதமுள்ள டாஸ்க்குகளை மறுபடி பார்ப்பார்கள். டாஸ்க்குக்கு சிபியூ கிடைத்து, அது அந்த ஃபங்ஷனை விட்டு வெளியேறினால் அடுத்த சுற்றில் மாறும். வாசலில் எஃப்ட்ரேஸ் அழைப்புக்குள் இருக்கும்போது ப்ரீஎம்ப்ட் ஆனாலும் இதே கதைதான்: அழைப்பின் திரும்பும் முகவரி பழைய ஃபங்ஷனுக்குள்தான் இருக்கும் என்பதால் ஸ்டாக்கில் பிடிபடும்.

தொந்தரவு, சிபியூ கிடைக்காத டாஸ்க்கால் வரும். நைஸ் 19இல் (மிகக் குறைந்த முன்னுரிமையில்) ஓடும் பேக்கப், பழைய ஃபங்ஷனுக்குள் ப்ரீஎம்ப்ட் ஆகி, அந்த கோரை ரியல் டைம் முன்னுரிமை கொண்ட வேறொன்று விடாமல் பிடித்திருந்தால், ஒரே ஒரு பேக்கப் த்ரெட்டுக்காக மொத்த டிரான்சிஷனும் காத்திருக்கும்.

10. ப்ரீஎம்ப்ட் ஆன டாஸ்க்கோட ஸ்டாக்கை நம்பலாமுங்களா? இன்டரப்ட் எந்த வரியிலயும் வந்திருக்குமே?

நல்ல கேள்வி. தானாகத் தூங்கப் போன டாஸ்க் என்றால் அது ஷெட்யூலரை முறையாக அழைத்து வந்திருக்கும். ஒவ்வொரு ஃபங்ஷனும் தன் ஃப்ரேமை (ஸ்டாக்கில் தனக்கான பகுதியை) சரியாக அமைத்திருக்கும். இன்டரப்ட்டால் பிடுங்கப்பட்ட டாஸ்க்குக்கு அந்த உறுதி இல்லை. ஃப்ரேம் பாயின்டரை நம்பி ஸ்டாக்கைப் படிக்கும் கெர்னலில், ஒரு ஃபங்ஷன் நுழைந்து தன் ஃப்ரேமை அமைப்பதற்கு முன் இன்டரப்ட் வந்தால், அதை அழைத்த ஃபங்ஷனின் பெயர் பட்டியலில் விடுபட்டுப்போகும். விடுபட்டது பேட்ச் ஆகும் ஃபங்ஷனாக இருந்தால், "இல்லை" என்று நம்பி மாற்றிவிடுவோம். 6ஆம் பதிலில் சொன்ன டெட்லாக் அப்போது நிஜமாகும்.

அதனால் ஃப்ரேம் பாயின்டர் கெர்னலில், ஸ்டாக்கில் கெர்னல் கோடை இடைமறித்த இன்டரப்ட் ஃப்ரேம் தென்பட்டாலே "நம்ப முடியாத ஸ்டாக்" என்று ஒதுக்கிவிடுவார்கள். அதுபோன்ற கெர்னலில் முழு ப்ரீஎம்ப்ஷனும் இருந்தால் டிரான்சிஷன் தேவையில்லாமல் இழுக்கும். 2017இல் 4.14 கெர்னலில் வந்த ஆர்க் என்ற முறை, ஒவ்வொரு கட்டளை முகவரிக்கும் ஸ்டாக் எப்படி இருக்கும் என்ற அட்டவணையைக் கம்பைல் செய்யும்போதே எழுதிவைக்கிறது. எந்த வரியில் பிடுங்கினாலும் சரியாகப் படிக்கலாம். லைவ் பேட்ச் வேண்டுமென்றால் ஆர்க் உள்ள கெர்னலையே எடுங்கள்.

11. வேற கோர்ல ஓடீட்டு இருக்கற டாஸ்க்கை அப்படியே மாத்த முடியாதா?

முடியாது. ஓடுகிறவரின் ஸ்டாக் நொடிக்கு நொடி மாறும்; படித்து முடிக்கும்முன் பொய்யாகிவிடும். அதை ஒதுக்கிவிட்டு அடுத்த சுற்றுக்கு விடுவார்கள்.

இதோடு ஒட்டிய ஒரு நுணுக்கம்: லைவ் பேட்ச் ஹேண்ட்லர் ப்ரீஎம்ப்ஷனை அணைத்துவிட்டுத்தான் எந்த வெர்ஷன் என்று தேடுகிறது. பட்டியலை மாற்றியபின் பழைய பட்டியலை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று தெரிய, ஒவ்வொரு சிபியூவிலும் ஒரு சின்ன வேலையை ஓட்டி முடிப்பார்கள். அந்த வேலை ஓடியது என்றால் அந்த சிபியூவில் ஹேண்ட்லர் பாதியில் இல்லை என்று அர்த்தம். வழக்கமான ஆர்சியூ காத்திருப்பு (பழைய டேட்டாவைப் படிப்பவர்கள் முடிக்கும்வரை காத்திருக்கும் கெர்னல் முறை) இங்கே போதாது. ஐடிலுக்குள் நுழையும் இடம் போல ஆர்சியூ கண்ணை மூடியிருக்கும் இடங்களிலும் பேட்ச் ஆன ஃபங்ஷன் ஓடலாம்.

12. யூசர் புரோகிராம் எல்லாம் மாறிருச்சு, ஒரு கெர்னல் த்ரெட் மட்டும் பொழுதன்னைக்கும் மாட்டேங்குது. ஏனுங்க?

கெர்னல் த்ரெட் யூசர் பக்கம் போகவே போகாது. 3ஆம் பதிலில் சொன்ன இரண்டாவது வாசல் அதற்கு இல்லை; ஸ்டாக் சோதனை ஒன்றுதான் வழி. எப்போதும் சிபியூவில் இருக்கும் த்ரெட் என்றால் 11ஆம் பதிலின்படி அதுவும் நடக்காது. விர்ச்சுவல் மெஷின்களுக்கு நெட்வொர்க் ஓட்டும் வீஹோஸ்ட் த்ரெட் இதில் பெயர் போனது.

2023இல் வந்த 6.4 கெர்னலில் இதற்கு வழி செய்தார்கள். நீண்ட சுற்றுகளில் ஓடும் கோட், "வேறு யாருக்காவது சிபியூ வேண்டுமா" என்று கேட்கும் காண்ட்ரீஷெட் என்ற இடத்தில், டிரான்சிஷன் நடக்கும்போது மட்டும், த்ரெட் தன் ஸ்டாக்கைத் தானே பார்த்து மாறிக்கொள்ளும். தன் முதன்மைச் சுற்றையே பேட்ச் செய்தால் இதுவும் உதவாது. அந்த ஃபங்ஷன் த்ரெட் சாகும்வரை ஸ்டாக்கில் இருக்கும். ஷெட்யூலரின் நடு ஃபங்ஷனை பேட்ச் செய்ய முடியாததற்கும் இதே காரணம்: தூங்குகிற எல்லோரின் ஸ்டாக்கிலும் அது இருக்கிறது.

13. ஒரே கோரைப் பிடிச்சுட்டு சிஸ்டம் காலே போடாம சுத்தற புரோகிராம் இருந்தா?

சாதாரண கோரில் டைமர் டிக் வரும். டிக் முடிந்து யூசர் பக்கம் திரும்பும்போது மாறிவிடும். டிக்கையும் அணைத்துத் தனிமைப்படுத்திய கோர் என்றால் இன்டரப்ட்டே வராது, டாஸ்க்கும் மாறாது. இதற்காக 15 சுற்றுக்கு ஒரு முறை, அதாவது ஏறக்குறைய 15 செகண்டுக்கு ஒரு முறை, மாறாமல் நிற்கும் டாஸ்க்குகளுக்குப் போலி சிக்னல் ஒன்று போகும். ஓடுகிற கோரை இன்டரப்ட்டால் தட்டி, தூங்குகிறதை எழுப்பி, வாசல் வழியே வரவைப்பதுதான் நோக்கம். புரோகிராமின் சிக்னல் ஹேண்ட்லர் எதுவும் ஓடாது. ஆனால் ஈபோலில் (நிகழ்வுக்காகக் காத்திருக்கும் சிஸ்டம் கால்) காத்திருந்த புரோகிராமுக்கு 'குறுக்கிடப்பட்டது' என்ற 4ஆம் எண் பிழை கிடைக்கலாம். அதைக் கையாளாமல் எழுதிய பழைய பில்லிங் புரோகிராம்கள் அந்த இடத்தில் படுத்துவிடும். பழி பேட்ச் மேல் விழும்.

14. டிரான்சிஷன் 1லயே நின்னுட்டு இருக்குது. எங்க இருந்து பாக்கறது?

/சிஸ்/கெர்னல்/லைவ்பேட்ச் அடைவில் உங்கள் பேட்ச் பெயரில் உள்ள அடைவுக்குள் 'டிரான்சிஷன்' கோப்பைப் பாருங்கள். 1 என்றால் இன்னும் முடியவில்லை. அடுத்து /ப்ராக் அடைவில் ஒவ்வொரு பிராசஸுக்கும் கீழே 'டாஸ்க்' அடைவில் த்ரெட் வாரியாக 'பேட்ச் ஸ்டேட்' கோப்பு இருக்கும். பிராசஸை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். மாட்டுவது பெரும்பாலும் உள்ளே ஒரு த்ரெட். −1 என்றால் எந்த டிரான்சிஷனும் நடக்கவில்லை, 0 என்றால் பழையது, 1 என்றால் புதியது. பேட்ச் ஏற்றும்போது 0 உள்ளவர்தான் ஆள். கழற்றும்போது 1 உள்ளவர்.

ஆள் கிடைத்ததும் ரூட்டாக இருந்து அதே இடத்தில் 'ஸ்டாக்' கோப்பைப் படியுங்கள். பேட்ச் ஆன ஃபங்ஷன் பெயர் அதில் தெரிந்தால் அது எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். எழுப்ப முடியாத 'டி' நிலையில், போய்விட்ட என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்பு) சர்வருக்காகத் தொங்குகிற த்ரெட் என்றால் போலி சிக்னலும் உதவாது. என்எஃப்எஸ்ஸை மீட்டால்தான் உண்டு. லைவ் பேட்ச்சின் டைனமிக் டீபக் செய்திகளைத் திறந்துவிட்டால், எந்த டாஸ்க் எந்த ஃபங்ஷனில் தூங்குகிறது, எதன் ஸ்டாக்கை நம்ப முடியவில்லை, எது ஓடிக்கொண்டே இருக்கிறது என்று டிமெசேஜில் (கெர்னல் லாக்கில்) பெயரோடு வரும்.

ஒன்றும் சரிவராவிட்டால் 'எனேபிள்ட்' கோப்பில் 0 எழுதுங்கள். பாதியில் நிற்கும் டிரான்சிஷன் அப்படியே திரும்பிப் போகும். அது முடியாமல் அடுத்த பேட்ச்சை ஏற்ற முடியாது.

15. 'ஃபோர்ஸ்'னு ஒரு கோப்பு இருக்குதே, அதுல 1 போட்டா முடிஞ்சுதுங்களா?

முடிந்துவிடும், உத்தரவாதமும் சேர்ந்து முடிந்துவிடும். ஃபோர்ஸ் செய்வது, மீதமுள்ள எல்லா டாஸ்க்கின் நிலையையும் ஸ்டாக்கைப் பார்க்காமலேயே புதியதாக்குவது. பழைய ஃபங்ஷனுக்குள் லாக் பிடித்திருக்கும் டாஸ்க்கின் நிலை 'புதியது' ஆகிவிட்டால், அதன் மேல் வரும் இன்டரப்ட் புது ஹேண்ட்லரை ஓட்டும். 6ஆம் பதிலில் விலக்கிவைத்த அதே விபத்து.

மாட்டிய த்ரெட்டின் ஸ்டாக்கைப் படித்து, பேட்ச் எழுதியவரிடம் கேட்டு, இந்த இடத்தில் கலப்பு பாதிக்காது என்று தெரிந்தால் மட்டும் தொடுங்கள். அதன் பிறகு அந்த பேட்ச் மாட்யூலை ரீபூட் வரை இறக்க முடியாது.

16. இன்டரப்ட் நுழையற கோடையே பேட்ச் பண்ணலாமா? என்எம்ஐ?

நுழைவுக் கோட், எஃப்ட்ரேஸ் தொடக்கூடாது என்று குறிக்கப்பட்டது. அதன் வாசலில் அந்த 5 பைட்டே இருக்காது. எனவே முடியாது. அங்கிருந்து அழைக்கப்படும் டிரைவர் ஹேண்ட்லரை தாராளமாக பேட்ச் செய்யலாம். இன்லைன் ஆன ஃபங்ஷனுக்கும் தனி வாசல் இல்லை. அது கரைந்துபோன எல்லா ஃபங்ஷனையும் பேட்ச் செய்ய வேண்டும்.

லைவ் பேட்ச் ஹேண்ட்லர் ஓடும்போதே என்எம்ஐ வந்து அதே வாசலுக்குப் போனாலும் குழப்பமில்லை. சாதாரணம், சாஃப்ட் ஐஆர்க்யூ, இன்டரப்ட், என்எம்ஐ என்று நான்கு அடுக்குக்கும் தனித்தனியே மறுநுழைவுக் காவல் உண்டு.

17. ஆர்டி கெர்னல்ல இதெல்லாம் மாறுமுங்களா?

2024இல் 6.12 கெர்னலோடு ப்ரீஎம்ப்ட் ஆர்டி (ரியல் டைம் வசதி) முதன்மை லினக்ஸில் சேர்ந்தது. அதில் பெரும்பாலான இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் தனி கெர்னல் த்ரெட்டுகளாக ஓடுவதால், நிலையை இரவல் வாங்கும் விதி அவற்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் சொந்த நிலை. பெரும்பாலும் தூங்குபவை என்பதால் சீக்கிரம் மாறியும்விடும். அப்போது 6ஆம் பதிலின் உதாரணம்? அங்கே ஸ்பின்லாக் தூங்கும் லாக்காக மாறியிருக்கும்; ஹேண்ட்லர் த்ரெட் சுற்றாமல் ஒதுங்கிக் காத்திருக்க, லாக் பிடித்தவர் ஓடி முடிப்பார். ஆனால் ஸ்பின்லாக் பிடித்தபடியே ப்ரீஎம்ப்ட் ஆவதும் அங்கே சாதாரணம். 9ஆம் பதிலில் சொன்ன காத்திருப்பு அதிகமாக இருக்கும்.

மெஷின் கட்டுப்பாட்டுச் சுற்று ஓடும் பெட்டி என்றால், 4ஆம் பதிலில் சொன்ன இன்டரப்ட்டுகள் தனிமைப்படுத்திய கோருக்கும் போகும் என்பதை மறக்க வேண்டாம். மெஷின் நிற்கும் நேரம் பார்த்துப் போடுங்கள்.

18. பேட்ச் போட எந்த நேரம் தோதுங்க? ஷிப்ட் மாறறப்பவா?

ஷிப்ட் மாறும் காலை 6, மதியம் 2, இரவு 10 மணியை ஒட்டி வேண்டாம்; எல்லோரும் ஒரே நேரத்தில் லாகின் செய்து ரிப்போர்ட் எடுக்கும் நேரம் அது. பேக்கப் ஓடும் நேரமும் வேண்டாம். டிஸ்க்குக்காக 'டி' நிலையில் நிற்கும் த்ரெட்டுகள் அப்போதுதான் அதிகம். நடு ஷிப்ட்டில், பெரும்பாலான டாஸ்க் தூங்கும் அமைதியான நேரம் நல்லது. சில செகண்டில் முடிந்துவிடும்.

19. கரண்ட் போயி யூபிஎஸ்ஸும் இறங்கி, சர்வர் மறுபடி எந்திரிச்சா பேட்ச் இருக்குமுங்களா?

இருக்காது. பேட்ச் மெமரியில் மட்டும் இருக்கிறது. டிஸ்க்கில் உள்ள கெர்னல் பழையதுதான். பூட் ஆகும்போதே பேட்ச் மாட்யூலை ஏற்றும் சர்வீஸை இயக்கி வையுங்கள். அந்த நேரத்தில் டாஸ்க் குறைவு என்பதால் டிரான்சிஷனும் உடனே முடியும். கூடவே திருத்திய கெர்னல் பேக்கேஜையும் டிஸ்க்கில் நிறுவிவைத்து, ஆயுத பூஜைக்கோ தீபாவளிக்கோ மில் நிற்கும்போது ஒரு முறை முறையாக ரீபூட் செய்துவிடுங்கள். 7ஆம் பதிலில் ரீபூட்டுக்கு ஒதுக்கிய திருத்தங்களும் அன்றைக்குச் சேர்ந்துவிடும்.

20. பின்னாடி கெர்னல் கிராஷ் ஆச்சுன்னா, பேட்ச் போட்டிருந்தது லாக்ல தெரியுமா?

தெரியும். லைவ் பேட்ச் ஏறியதும் கெர்னலின் டெயின்ட் குறியில் (கெர்னலின் அசல் நிலை மாறியதைக் காட்டும் குறி) 'கே' எழுத்து சேரும். எண்ணாகப் பார்த்தால் 32768 கூடியிருக்கும். பேட்ச்சைக் கழற்றினாலும் ரீபூட் வரை அது போகாது. கிராஷ் ட்ரேஸில் புது ஃபங்ஷன் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பேட்ச் மாட்யூலின் பெயரும் வரும். பழையதாக இருந்தால் ஃபங்ஷன் பெயர் மட்டும் வரும். டிமெசேஜில் டிரான்சிஷன் தொடங்கிய வரியும் முடிந்த வரியும் நேரத்தோடு இருக்கும். கிராஷ் அந்த இரண்டு வரிக்கும் நடுவே நடந்திருந்தால் முதலில் பழையது, புதியது கலப்பைச் சந்தேகியுங்கள்.